ஆம்புரோஸ் பேரில் ஒன்பது வருடம்

பத்து வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றே பழகியவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது கொஞ்சம் சிரமம்தான். இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். பேனா நன்றாக எழுதுகிறது, கோப்பி சூடாக வந்தது, மலாய் தடுமாறினால் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர்களில் இப்படிப்பட்டவர்கள் குறைவு.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அப்பாவு என்பவனின் அடையாளக் கார்டு என் சட்டைப் பையில் எப்படி வந்தது. அவன் மனைவி மங்களம் கொடுத்த புகாரிலும் அவ்வளவுதான் இருக்கிறது. அதற்கு மட்டும் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் நான் யார் என்பது உங்களுக்குக் கடைசிவரை பிடிபடாது. என் வேலை அனுபவத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆகவே ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஆம்புரோஸ். சுங்கை சிப்புட் பக்கத்தில் செராயா தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவுவும் அதே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவன்தான், என்னைவிட மூன்று வயது இளையவன். அவன் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தான். அவன் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன சமயம் அது. பிறந்ததைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. அதனால் எனக்குக் குடிமகனின் நீல ஐசி கிடைத்தது, அவனுக்கு அந்நியனின் சிவப்பு ஐசி. இரண்டு பேரும் ஒரே ஆற்றில் குளித்தவர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். கார்டின் நிறம் மட்டும் வேறு.

சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். தோட்டம் தோட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பலர் கப்பலேறி, பார்த்தே இராத பூர்வீக ஊருக்குப் போனார்கள். அப்பாவு ரப்பர் ஆலையின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெர்மிட்டும் நின்றுபோனது. நானும் அதே எஞ்சின் ரூமில் உதவியாளாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால், எண்ணெய் துடைத்தேன், வாளி தூக்கினேன். அந்தச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை. ஈப்போவிலிருந்து கோலக்கங்சார் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். இது எழுபத்து மூன்றில்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி பத்துமலை என்னைக் கூப்பிட்டார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றார். என் பேர் செக்ரோல் பதிவேட்டில் அப்படியே இருக்கட்டும், அப்பாவு என் பேரில் நிற்கட்டும் என்றார்.

பேரில் நிற்பது தோட்டத்தில் புதிய சங்கதி இல்லை. புருஷன் பேரில் பெண்டாட்டி பாலுக்கு மரம் வெட்டுவாள், செத்துப்போன அண்ணன் பேரில் தம்பி களை எடுப்பான். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் படிக்கும்போது யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும். புதிதாக வந்த மானேஜர் தொரைக்கு எங்கள் முகங்களில் வித்தியாசம் தெரியாது. நான் சரி என்றேன். மறுநாளிலிருந்து "ஆம்புரோஸ்" என்று படித்தால் அப்பாவு "இருக்கேன்" என்பான். அவன் சம்பளத்தில் ஒரு காசு நான் கேட்டதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ பேர் இந்த மாதிரி உதவிக்குப் பங்கு கேட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஒரு மனிதனுக்கு என் பேரையே கொடுத்தேன், சும்மா கொடுத்தேன்.

ஒன்பது வருடம் அப்படியே போனது. தோட்டத்து மருந்தகத்தில் ஆம்புரோஸுக்குக் காய்ச்சல் வந்தது, ஆம்புரோஸுக்குப் புதுச் சப்பாத்து கொடுத்தார்கள், ஆம்புரோஸ் எஞ்சின் டிரைவர் ஆனான், பிறகு ஃபிட்டர் ஆனான். நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். பஸ் முதலாளி தினக்கூலி கொடுப்பவர், சேமநிதியெல்லாம் கட்ட மாட்டார். நான் அங்கே வேலை செய்ததற்கு எந்த அத்தாட்சியும் கிடையாது. விடியற்காலை முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரைக்கும் நிற்பேன். உழைப்பு என்று பார்த்தால் நான் அப்பாவுவுக்குக் குறைந்தவன் இல்லை.

என் மனைவி பியாட்ரிஸ். அவளுடைய அக்கா இசபெல்லா பெர்த்தில் நர்ஸாக இருந்தாள். எண்பத்தொன்றில் இசபெல்லா வந்திருந்தபோது குனோங் ராபாட்டில் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு வாரம் தங்கினாள். எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, இதுகள் இங்கே படித்து என்ன ஆகப் போகிறது, எல்லாரும் பெர்த்துக்கே குடிவந்துவிடுங்கள் என்றாள். அவள் சொன்னது தப்பில்லை. அந்த வருடம்தான் கண்டக்டர் இல்லாத பஸ் விடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. டிரைவரே காசு வாங்கிக்கொள்வாராம். நாற்பது வயதில் நான் வேறு எங்கே போய் நிற்பது.

ஈப்போவில் பெரிய தபால் ஆபீஸுக்கு எதிரே அஞ்சடி நடைபாதையில் ஜெயபாலன் என்று ஒருவர் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளிநாடு போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். பியாட்ரிஸ் என்னை அவரிடம் அழைத்துப் போனாள். அங்கே குடியேற வேலை அனுபவத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று அவர்தான் விளக்கினார். கைத்தொழில் இருக்க வேண்டும். முழு நேரமாகச் செய்திருக்க வேண்டும். அரை நாள் வேலை என்றால் இரண்டு வருடம் சேர்த்து ஒரு வருடம். ஓவர்டைம் எத்தனை மணி செய்தாலும் ஒரு வருடம் ஒரு வருடம்தான், ஒன்றரை ஆகாது. கற்றுக்கொள்ளும் காலத்தை எடுத்துவிட வேண்டும். கண்டக்டர் வேலை எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.

"நீங்க முப்பது வருஷம் நின்னிருந்தாலும் அது சைபர்தாண்ணே," என்றார். "வேற எங்கயாச்சும் உங்க பேர்ல வேல இருக்கா?"

இருக்கிறது என்று பியாட்ரிஸ் சொன்னாள். நான் சொல்லவில்லை. நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பத்துமலை ஒரு வாரத்தில் தோட்டத்திலிருந்து அனுபவக் கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டார். எதையும் மாற்றவோ போலியாக எழுதவோ தேவைப்படவில்லை. செக்ரோல், சேமநிதி, சொக்சோ விபத்துக் காப்பு, எல்லாவற்றிலும் ஆம்புரோஸ் இருந்தான். எழுபத்து மூன்று முதல் முழு நேரம், டீசல் எஞ்சின் ஃபிட்டர். தொரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் பியாட்ரிஸ் அந்தக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். சின்னவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பியாட்ரிஸ் யாரிடமோ "இவரு ஃபிட்டர்" என்று சொன்னது காதில் விழுந்தது. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அந்தக் குரலில் சொன்னதே இல்லை.

கோலாலம்பூரில் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், தொழிலைப் பற்றிக் கேட்பார்கள், சில சமயம் கையில் அரத்தைக் கொடுத்து ராவிக் காட்டச் சொல்வார்கள் என்று ஜெயபாலன் எச்சரித்திருந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நான் செராயாவுக்குப் போக ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. அப்பாவு எனக்குக் கற்றுக் கொடுத்தான். எதற்கு என்றும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கற்றுக் கொடுத்தான். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் தனக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தானோ என்னவோ. இரும்புத் துண்டை வைஸ் பிடியில் கடித்து வைத்து, நேரான பின் ஆணியாக ராவச் சொல்வான். நான் ராவியதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான்.

"அண்ணே, இது பின் இல்லலா, பீசாங்," என்பான். பீசாங் என்றால் மலாயில் வாழைப்பழம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கேலி செய்தால் எனக்குக் கோபம் வந்ததில்லை. வந்திருந்தாலும் காட்டியதில்லை.

எஞ்சினைப் பற்றியும் சொன்னான். எஞ்சினிலிருந்து ஒரு பெரிய பெல்ட் மேலே ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டுக்குப் போகும். ஷாஃப்ட் சுற்றினால் ரப்பர் பாலை அமுக்கித் தகடாக்கும் உருளைகள் சுற்றும். ஷாஃப்டில் இரண்டு சக்கரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று சும்மா சுற்றுவது, மற்றது ஷாஃப்டைச் சேர்த்துச் சுற்றுவது. பெல்டைச் சும்மாச் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் எஞ்சின் ஓடும், ஷாஃப்ட் நிற்கும். தள்ளுகிற கைப்பிடி நகராமல் இருக்க ஒரு இரும்புப் பின், விரல் நீளம்தான். திங்கட்கிழமை காலையில் உருளைகளை ஓட்டுவதற்கு முன்னால் அப்பாவு பெல்டைத் தள்ளி, பின்னைச் சொருகிவிட்டு, ஷாஃப்டுக்குப் பின்னால் நுழைந்து கிரீஸ் போடுவான். விதிப்படி எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். நிறுத்தினால் மறுபடி கிளப்பக் கைவலி. அதனால் எல்லா எஞ்சின்காரர்களும் செய்வது போல அவனும் ஓடும்போதே போட்டான். இந்த அலட்சியத்தை நான் அப்போதே சுட்டிக் காட்டினேன்.

"அந்த பின் இருக்குதுலா அண்ணே," என்றான். "அது இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

எண்பத்திரண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உள்ளே நுழைந்ததுமே அப்பாவு சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நீல ஐசி. பதினைந்து வருடமாக மனுப் போட்டு, மொழிப் பரீட்சை எழுதி, சத்தியம் செய்து, கடைசியில் வந்துவிட்டது. படத்தில் ஸ்டூடியோக்காரனின் கோட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பாக இருந்தான். நான் மனதார வாழ்த்தினேன். நீங்கள் நம்ப வேண்டும், அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எண்ணமே இல்லை.

பிறகு அவன் சொன்னான். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், வருடக் கடைசியில் ஆலையை மூடுகிறார்கள். மலையடியில் புதிதாக ஒரு சிமெண்டு ஆலைக்கு எஞ்சின் ஆட்கள் எடுக்கிறார்கள், அனுபவம் கேட்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் தொரையைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறான். இத்தனை வருடம் ஆம்புரோஸ் பேரில் வேலை செய்தது தான்தான் என்று சொல்லி, தன் பேரில் கடிதம் வாங்கப் போகிறான். பத்துமலை கிராணியும் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்துவிட்டார்.

"ஒங்க பேர ஒங்களுக்கே திருப்பிக் குடுத்துர்றேன்லா அண்ணே. இரவல் வாங்கினது போதும்."

"பேரக் குடு. அந்த ஒம்போது வருஷத்த?"

அவன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை நின்றது. "அது நா செஞ்ச வேலயாச்சே அண்ணே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியாத ஒன்றைப் புரியவைப்பவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்.

நான் நியாயமாகவே பேசினேன். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னேன். நான் பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவன் யோசித்தான். சிமெண்டு ஆலையில் அடுத்த வாரமே ஆள் எடுக்கிறார்கள், மூன்று பிள்ளைகள் இருக்கின்றன, பொறுக்க முடியாது என்றான். மன்னிப்பும் கேட்டான். என் மனுவுக்கு ஒன்றும் ஆகாது, வெள்ளைக்காரன் செராயாவுக்கு வந்தா பார்க்கப் போகிறான் என்று ஆறுதல் வேறு சொன்னான். படிக்காதவன். ஒரே ஒன்பது வருடத்தை இரண்டு பேர் எழுத முடியாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவன் தொரையிடம் வாயைத் திறந்த நிமிடம் என் கடிதம் பொய்க் கடிதம் ஆகிவிடும். பியாட்ரிஸ் கோவில் வாசலில் சொன்னதும் பொய் ஆகிவிடும்.

மத்தியானம் அவன் சாப்பிட லயத்துக்குப் போனான். என்னையும் கூப்பிட்டான், மங்களம் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பதாக. எனக்குப் பசியில்லை, கொஞ்சம் பழகிக்கொள்கிறேன் என்றேன். வைஸையும் அரத்தையும் என்னிடம் விட்டுவிட்டு, "மெதுவா ராவுங்கண்ணே, அவசரப்பட்டாத்தான் கோணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் அந்தப் பின்னை எடுத்து வைஸில் கடித்து வைத்தேன். மெதுவாக ராவினேன். நடுவில், கைப்பிடிக்குள் மறையும் இடத்தில், சுற்றிலும் சமமாக, கம்பி மாதிரி ஆகும் வரைக்கும். பிறகு கிரீஸும் கரியும் தடவிப் பழசாக்கி, இருந்த இடத்தில் வைத்தேன். முடித்ததும் அவன் செய்வது போல ஜன்னல் பக்கம் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோணல் இல்லை. அவ்வளவு நன்றாக அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. அவன் திரும்பி வந்தபோது இரும்புத் துண்டு ஒன்றைக் காட்டினேன். பரவாயில்லையே அண்ணே என்றான். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சாலை வரைக்கும் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் சுங்கை சிப்புட்டுக்கும் கோலக்கங்சாருக்கும் நடுவே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ரூமில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பெல்ட் நகர்ந்திருக்கிறது, ஷாஃப்ட் சுற்றியிருக்கிறது, அவன் சட்டையைப் பிடித்திருக்கிறது. அதிக நேரம் ஆகியிருக்காது என்று பத்துமலை சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் கஷ்டப்பட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்தவன் இல்லை.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் கணக்கு இப்படி இருந்தது. அப்பாவு என்கிற ஆள் விபத்தில் இறந்துபோவான். செக்ரோலில் பேர் இல்லாத ஆள் உள்ளே எப்படி வந்தான் என்று கேட்பார்கள், பத்துமலை ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். ஆம்புரோஸின் வருடங்கள் ஆம்புரோஸிடமே இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் இப்படி நினைத்தேனே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம். பெரட்டில் யார் பேரில் நிற்கிறாயோ, அந்தப் பேருக்குத்தான் அன்றைக்கு எல்லாம். சம்பளம் அந்தப் பேருக்கு, அபராதம் அந்தப் பேருக்கு, காய்ச்சல் அந்தப் பேருக்கு. அன்று காலை பெரட்டில் ஆம்புரோஸ் என்று படித்திருக்கிறார்கள், அவன் இருக்கேன் என்று சொல்லியிருக்கிறான்.

பதினோரு மணிக்குப் பத்துமலை ஈப்போ பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. மங்களத்தைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், உடலை ஆம்புரோஸ் என்று சொல்லவைத்துவிட்டு வந்திருந்தார். ஆம்புரோஸ் என்று சொன்னால் சொக்சோ பென்ஷன் வரும். அப்பாவு என்று சொன்னால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. போலீஸ் வரும், அவர் உள்ளே போவார், எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். பென்ஷனைப் பியாட்ரிஸ் விதவை என்று கையெழுத்துப் போட்டு வாங்கி மங்களத்திடம் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். என் ஐசியை ஒப்படைக்க வேண்டும், அதை வாங்கிப் போகத்தான் வந்தார்.

"நீ கொஞ்சம் செத்துப் போயிரணும் தம்பி," என்றார். "வேற வழியில்ல."

எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்றாரே, அதைக் கேட்டதும் பைக்குள் கையை விட்டேன். என் ஐசியைக் கொடுத்தேன். அவர் அப்பாவுவின் ஐசியைக் கொடுத்தார். ஆள் கார்டு இல்லாமல் நடமாட முடியாதல்லவா. கறுப்பாக, ஒல்லியாக, மீசை வைத்த தமிழன். சாலையில் தடுத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தப் படம் போதும். ஐந்து வருடம் போதுமானதாகத்தான் இருந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஒரு மாதம் கழித்து இயந்திரங்களைச் சோதிக்கும் அதிகாரி வந்துபோனார். படித்த எஞ்சினியர். ஒடிந்த பின்னைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய பின், தேய்ந்துபோய் ஒடிந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். பத்துமலை இதைச் சொன்னபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. மறைத்து என்ன பயன். என் கைவேலையை ஒரு எஞ்சினியர் பார்த்து, அதில் அரம் பட்டதே தெரியவில்லை என்றால் அதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும். அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. சொல்லியிருந்தால் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஆள் அப்பாவுதான்.

அதற்கு அடுத்த வாரம் நேர்முகக் கடிதம் வந்தது. திரு. ஆம்புரோஸ் இன்ன தேதியில் கோலாலம்பூருக்கு வரவும் என்று. நான் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஐசி கேட்டார்கள். என்னிடம் அப்பாவுவின் ஐசி இருந்தது. அப்பாவுவுக்கு உலகத்தில் எங்கும் ஒரு நாள் அனுபவம்கூடக் கிடையாது. எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறித் திரும்பினேன்.

பியாட்ரிஸ் கறுப்பு உடுத்தினாள். முதலில் கையெழுத்துக்காக உடுத்தினாள், பிறகு பழகிவிட்டது. ஒரு தடவை மட்டும் கேட்டாள், அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள் என்று. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் தட்டைத் தனியாகக் கழுவி வைக்க ஆரம்பித்தாள். எண்பத்தைந்தில் இசபெல்லா கூப்பிட்டுக்கொண்டாள். விதவைத் தங்கை, தகப்பனில்லாத இரண்டு பிள்ளைகள் என்று மனு. அவர்களிடம் யாரும் ஒரு மணி நேரத்து அனுபவம்கூடக் கேட்கவில்லை. பெட்டி கட்டிய அன்று, கடிதமாவது போடு என்றேன்.

"நீங்க செத்துட்டீங்க," என்றாள். "அப்படியே இருங்க."

சின்னவள் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு எனக்கு யாரும் இல்லை. பஸ் வேலையும் அதற்கு முன்பே போய்விட்டது. மார்க்கெட்டில் சீனன் ஒருவனிடம் காய்கறிக் கூடை தூக்கினேன். அங்கே என்னை அப்பாவு என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பினேன். ஆனால் ஒருநாளும் இருக்கேன் என்று சொன்னதில்லை.

பியாட்ரிஸ் போனதும் மங்களத்துக்குப் பென்ஷன் போய்ச் சேரவில்லை. போன மாதம் அவள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். பென்ஷனைக் கேட்கவே இல்லை. அவள் கேட்டது இந்தக் கார்டை. அப்பாவு தனியாக எடுத்துக்கொண்ட ஒரே படம் இதில்தான் இருக்கிறதாம். மூத்தவனுக்குக் கல்யாணம், படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைக்க வேண்டுமாம். "குடுத்துருங்கண்ணே, பிள்ளைங்களுக்கு அப்பன் மொகம் மறந்து போச்சு," என்றாள். எனக்கும் அது தேவையாயிற்றே என்றேன். அது இல்லாமல் நான் தெருவில் இறங்க முடியாது. அவள் போய் உங்களிடம் புகார் கொடுத்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது அந்தக் கார்டை அவளிடமே கொடுத்துவிடலாம், எனக்கு வேண்டாம்.

பின்னைப் பற்றி அவளுக்குத் தெரியாது. பத்துமலைக்கும் தெரியாது, அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நீங்களும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். அப்பாவுவைக் கொன்றது நான்தான். இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன். ஆள் மாறாட்டம் செய்த யாரோ ஒருவன் என்று என்னை எழுதி மூடிவிடுவீர்களோ என்ற கவலைதான் எனக்கு. அந்தப் பின்னைச் செய்தவன் யாரோ ஒருவன் இல்லை.

மேல் தாளில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பெயர் ஆம்புரோஸ் என்று போட்டிருக்கிறீர்கள், நன்றி. தொழில் என்ற இடத்தில் மட்டும் கூடை தூக்குபவர், முன்னாள் கண்டக்டர் என்று இருக்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். டீசல் எஞ்சின் ஃபிட்டர் என்று எழுதுங்கள். அனுபவம் ஒன்பது வருடம், முழு நேரம்.